குளிர்காலப் பீரில் நெய் வாசம்

துபாயில் உணவகங்கள் வெளியே மேசை போடும் நாளைத்தான் நாங்கள் குளிர்காலத் தொடக்கமாகக் கொள்வோம். நான் சொல்லப்போகும் பீர்க் கூடமும் அக்டோபர் கடைசியில் வாசலில் பன்னிரண்டு மேசைகளைப் போடும். அங்கே பீரை வெளியிலிருந்து வாங்கி விற்பதில்லை. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நான்கு எஃகுத் தொட்டிகளில் அங்கேயே காய்ச்சி, குழாயிலிருந்து நேராகக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துத் தருவார்கள். வெயில் காலத்துக்கு எலுமிச்சைத் தோல் போட்ட கோதுமைப் பீர். குளிர் தொடங்கும்போது பேரீச்சம்பாகும் ஏலக்காயும் சேர்த்த கருத்த பீர். குழாய்களுக்கு மேலே தொங்கும் அட்டைகளை அல் கூஸில் நான் வேலை பார்க்கும் அச்சகம் அடித்துக்கொடுத்தது. அந்த அட்டைகளில் வரும் ஆறு வரிகளை நான் எழுதினேன்.

அதற்கு முன் பதினெட்டு வருடம் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். நிருபர்கள் எழுதிவரும் செய்தியில் வேண்டாத சொல்லை அடிப்பது என் வேலை. 'கோரமான விபத்து' என்று வந்தால் 'கோரமான' போய்விடும். அந்தப் பழக்கம் இங்கு வந்தும் விடவில்லை.

கூடத்தில் பீர் காய்ச்சும் பொறுப்பில் இருந்தவர் திருநெல்வேலிப் பக்கம். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெங்களூரில் எட்டு வருடம் இதே தொழில் செய்துவிட்டு வந்தவர். என்னை அண்ணாச்சி என்பார், நான் மதுரைக்காரன் என்று தெரிந்த பிறகும். அவருடைய மூக்கைப் பற்றிக் கூடத்தில் ஒரு பெருமை இருந்தது. சாக்கைத் திறந்ததும் தானியம் எத்தனை மாதம் பழையது என்று சொல்லிவிடுவார் என்று பரிமாறுகிறவர்கள் வாடிக்கையாளர்களிடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

ஒரு காலை அட்டை மாதிரிகளைக் காட்டப் போனேன். கூடம் திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. பின்பக்கச் சின்ன அறையில் மின்னடுப்பில் பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, புகையே வரத் தொடங்கியிருந்தது. நடையிலேயே எனக்கு அந்த நாற்றம் தெரிந்தது. அடுப்புக்கு இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் கணினியில் எதையோ பதிந்துகொண்டிருந்தார். நான் போய் அடுப்பை அணைத்த சத்தத்தில்தான் திரும்பினார். பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கவனிக்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

கொரோனா வந்த வருடம் போன வாசனை திரும்பவே இல்லை என்றார். நாக்கில் இனிப்பும் கசப்பும் தெரியும், புளிப்பு தெரியும். மற்றது எதுவும் இல்லை. பழைய குறிப்புகளை வைத்து, வெப்பமானியையும் அளவுக் கருவிகளையும் நம்பி, இத்தனை நாள் ஓட்டியிருக்கிறார். பழகிய பீர்கள் என்பதால் தப்பித்திருக்கிறார். டாக்டரிடம் போனால் அது காப்பீட்டு அட்டை வழியாக அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று போகவில்லை.

"இது வெளிய தெரிஞ்சுதுன்னா என் சோலி முடிஞ்சுது அண்ணாச்சி. மூத்தவ பத்தாப்பு படிக்கா. மார்ச்ல பரிச்ச. நடுவுல விசா போச்சுன்னா நான் அவளை எங்க கொண்டுபோய்ச் சேக்க?"

அன்றைக்கு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. நானாகத்தான் சனிக்கிழமை காலைகளில் வருகிறேன் என்றேன். அட்டைக்குக் குறிப்பெடுக்க வருகிறேன் என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. மாதிரிகளை நான் முகர்ந்து சொல்ல வேண்டும், அதை வைத்து அவர் முடிவெடுப்பார்.

அந்தக் கோடை முழுதும் இப்படி நடந்தது. நான் அதிகம் குடிப்பவன் இல்லை. முகர்வதற்கு அதுவே நல்லது என்று அவர் சொன்னார். எதைப் போல இருக்கிறது என்று யோசிக்காமல் முதலில் மனதில் வருவதைச் சொல்லச் சொன்னார். ஈரச் சாக்கு. வேகவைத்த மக்காச்சோளம். தீக்குச்சி கிழித்த உடனே வருவது. ஊறவைத்த வெந்தயம். ஒவ்வொன்றையும் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தன் பழைய ஞாபகத்திலிருந்து அதற்குரிய கோளாறை எடுத்துக்கொண்டு வருவார். சாக்கு என்றால் காற்றுப் புகுந்திருக்கிறது. சோளம் என்றால் கொதி போதவில்லை. ஒருமுறை நான் சொன்ன ஒரே சொல்லை வைத்து ஒரு குழாயின் ரப்பர் வளையம் இற்றுப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார். அன்று அவர் முகம் தெளிவாக இருந்தது. நானும் பெருமையோடு திரும்பினேன். அதை மறைப்பதற்கில்லை.

தொட்டிகளைக் கழுவ, குழாய் மாற்ற, வால்வு திருக ஒரு நேபாளி இருந்தார். எங்கள் இருவருக்கும் இடைப்பட்ட வயது. எல்லோருக்கும் அவர் பாய், இந்தியில் அண்ணன். அவர் காய்ச்சுகிறவரை உஸ்தாத், அதாவது ஆசான், என்பார். நாங்கள் குப்பிகளோடு உட்கார்ந்திருக்கும்போது அவர் தள்ளியே நிற்பார். அவரிடம் யாரும் எதையும் முகரக் கொடுத்ததில்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் குளிர்காலப் பீர் புளித்து முடிந்தது. புளித்ததும் உடனே குளிர வைக்கக் கூடாது என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார். ஈஸ்ட் தான் வெளிவிட்ட சில வாசனைகளைத் தானே தின்று முடிக்க இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பில் விட வேண்டும். முடித்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. தொட்டியிலிருந்து ஒரு குப்பியில் பிடித்து, வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, ஆறியபின் முகர வேண்டும். வெண்ணெய் வாசம் எழும்பினால் இன்னும் நாள் தேவை.

"தியேட்டர்ல பாப்கார்னுக்கு ஊத்துவாம்லா, அந்த வெண்ணெய். அது வந்தாச் சொல்லிருங்க" என்று கோடையிலேயே சொல்லிவைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை குப்பியை முகர்ந்தேன். பாப்கார்ன் வாசம் இல்லை. பேரீச்சை இருந்தது, ஏலக்காய் இருந்தது, கருகிய ரொட்டி ஓரம் இருந்தது. அவற்றுக்கு அடியில், மெலிதாக, நெய். அல்வாக் கடையில் தட்டிலிருந்து வெட்டி எடுக்கும்போது வருமே, அது. குறிப்பேட்டில் வரிசையாக எழுதினேன்: பேரீச்சம்பாகு, ஏலம், ரொட்டி ஓரம், நெய். பிறகு பேனாவால் கடைசிச் சொல்லை அடித்தேன். ஏலக்காயும் இனிப்பும் சேர்ந்தால் நம் மூக்கு தானாகவே நெய்யைச் சேர்த்துக்கொள்ளும், இது என் ஆசை, பீரில் இருப்பதல்ல என்று நினைத்தேன். அது இருந்தாலும் குறையாகாது, நல்ல வாசனைதானே என்றும் நினைத்தேன். நெய் மணப்பதைக் குற்றமாகச் சொல்ல எங்கள் வீடுகளில் யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. மீதி மூன்றையும் வாசித்துக் காட்டினேன்.

"வேற ஒண்ணும் இல்லைல்லா?"

இல்லை என்றேன். அவர் பாயைக் கூப்பிட்டு, தொட்டியைக் குளிர வைக்கும் வால்வைத் திறக்கச் சொன்னார்; குளிர் திறப்பது என்பார்கள் அதை. பாய் வால்வைத் திருகிவிட்டு, தொட்டியில் மாட்டியிருந்த பதிவுத்தாளில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து வெளி மேசைகள் போட்ட அன்று மாலை நானும் போனேன். வெயில் இறங்கி, காற்று சுகமாக இருந்தது. முதல் தம்ளர்கள் வெளியே போயின. ஆட்கள் பேசினார்கள், சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். தம்ளர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை பாதிக்குக் கீழே இறங்கவில்லை. ஒரு மேசையில் நான்கு பேரும் ஒரே அளவில் மீதம் வைத்துவிட்டுக் கோதுமைப் பீர் கேட்டார்கள். எனக்கு ஒன்று வாங்கி முகர்ந்தேன். அடியில் ஒளிந்திருந்த அந்த வாசனை இப்போது மேலே வந்து, மற்ற எல்லாவற்றையும் மூடியிருந்தது. ஒரு வாய் குடித்தேன். உருக்கிய வெண்ணெய் நாக்கில் படிந்தது போல் வழுவழுவென்று இருந்தது. பாப்கார்ன்தான்.

மறுநாள் காலை காய்ச்சுகிறவர் தொலைபேசியில் அழைத்தார். கூடத்தின் மேலாளர் பீரை வாயில் வைத்ததுமே வெண்ணெய் என்று சொல்லிவிட்டார், நாளாகும் முன்பே குளிர் திறந்துவிட்டார்கள் என்கிறார், பதிவுத்தாளில் பாயின் கையெழுத்து இருக்கிறது, உஸ்தாத்தின் மூக்கைத் தாண்டி இது போயிருக்க முடியாது, பாய்தான் கேட்காமல் திறந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். பாயை வேலையிலிருந்து நிறுத்தப் போகிறார்கள். உஸ்தாத் சொல்லித்தான் திறந்தேன் என்று பாய் சொல்லவில்லையாம்.

நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். குறிப்பேட்டை அவர் முன்னால் விரித்துவைத்தேன். ஒற்றைக் கோடு போட்டு அடித்த சொல் தெளிவாகப் படிக்க முடிந்தது.

"நெய்யின்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா தம்பி."

"பெறவு எதுக்கு அடிச்சீங்க?"

நல்ல வாசனை என்று நினைத்தேன் என்றேன்.

"நான் உங்க மூக்கத்தான அண்ணாச்சி கேட்டேன். உங்க பேனாவையா கேட்டேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல். பேசாமல் இருந்துவிட்டால் மார்ச் வந்துவிடும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். நான்கு மாதம். பாய் ஊருக்குப் போவார், வேறு ஒருவர் வருவார். பள்ளியில் மகள் ஒரு நாற்காலிக்காகச் சண்டை போட்டதைப் பற்றி, சம்பந்தமே இல்லாமல், அவர் இரண்டு வாக்கியம் பேசினார். பிறகு எழுந்து, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, என்னையும் வரச் சொல்லிவிட்டு மேலாளர் அறைக்கு நடந்தார்.

மேலாளர் லெபனான்காரர். அதிகம் பேசாதவர். நம்மவர் நின்றபடியே சொன்னார்: தனக்கு வாசனை தெரியாது, இரண்டு வருடத்துக்கு மேலாகிறது, தான் சொல்லித்தான் குளிர் திறந்தது, பாய் சொன்னதைச் செய்தார். மேலாளர் நம்பவில்லை. ஆளைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாய் என்றார். அப்போது குறிப்பேடு மேசைமேல் போனது. அவருக்குத் தமிழ் தெரியாது. என்னை வாசிக்கச் சொன்னார். மூன்று சொற்களை ஆங்கிலத்தில் சொன்னேன். கோடு போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். ஏன் அடித்தாய் என்று அவரும் கேட்டார். அதே பதிலை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் அது இன்னும் அற்பமாக ஒலித்தது.

பிறகு மேலாளர் சொன்னதெல்லாம் சுருக்கம். பாய் இருப்பார். காய்ச்சுவதற்கு வேறு ஆள் வரும். பள்ளி ஆண்டு முடியும்வரை இவர் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளலாம், விசா அதுவரை ஓடும். ஏப்ரலில் கணக்கு முடியும். அந்தத் தொட்டியை இன்றைக்கே கொட்டிவிட வேண்டும். அட்டை வேலைக்கு இனி அச்சகத்திலிருந்து வேறு யாரையாவது அனுப்பச் சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

கீழே வந்தோம். பாய் தொட்டியின் அடி வால்வைத் திறந்தார். தரையில் பதித்த இரும்புச் சல்லடைக்குள் கருப்பாக, நுரையோடு இறங்கத் தொடங்கியது. அறை முழுக்க அல்வாக் கடை. நம்மவர் சல்லடைக்கு அருகிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அது தண்ணீர் ஓடுவது போலத்தான் இருந்திருக்கும்.

வாசனை போன விவரம் பாய்க்கு அப்போதுதான் தெரிந்தது. உஸ்தாத்தே இந்தியில் சொன்னார். கேட்டுவிட்டு, பாய் தலையைக் குனிந்துகொண்டார். குளிர் திறந்த அன்றைக்கே குழாய் மாட்டும்போது தனக்கு அந்த வாசனை வந்தது என்றார். மக்கன், அதாவது வெண்ணெய், போல இருந்தது, இது ஆகாதே என்று நினைத்தேன் என்றார்.

"பிறகு ஏன் பாய் சொல்லவில்லை?" என்று உஸ்தாத் கேட்டார்.

"நீங்க உஸ்தாத். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? வேணும்னுதான் விட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்."

இந்தியில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். அவர் குரலில் இருந்த மரியாதையை என்னால் எழுத முடியவில்லை.

தொட்டி காலியாக அரை மணிக்கு மேல் ஆனது. அடுத்த தொட்டியில் கோதுமைப் பீர் புளித்து முடிந்திருந்தது. அதைக் குளிர வைப்பதா வேண்டாமா என்று அன்றைக்கே தீர்மானிக்க வேண்டும். புதிய ஆள் வர வாரங்கள் ஆகும். நம்மவர் ஒரு குப்பியில் பிடித்து வெந்நீரில் வைத்தார். நேரம் பார்த்து எடுத்து, ஆற்றினார். நான் வழக்கம்போல முக்காலியை இழுத்துப்போட்டுக்கொள்ளப் போனேன். அவர் என்னைக் கடந்துபோய்க் குப்பியைப் பாயின் கையில் கொடுத்தார்.

பாய் கையைத் துண்டில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு வாங்கினார். மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, எடுத்து, மறுபடி கொண்டுபோனார். சொல்லலாமா என்று கேட்பது போலப் பார்த்தார்.

"போலோ பாய்" என்றார் உஸ்தாத், பதிவுத்தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு.

பாய் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். தன் ஊர் மொழியும் இந்தியும் கலந்து, ஏதோ ஒரு கிழங்கின் பெயர், மழை நனைத்த ஏதோ ஒரு புல், கைக்குழந்தையின் தலை. பாதி எனக்குப் புரியவில்லை. உஸ்தாத்துக்கும் புரிந்திருக்காது. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, அது எப்படி இருக்கும் என்று கேட்டு, கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டே போனார்.