காற்றில் தூக்காத கில்ட்

ஸ்காட்லாந்தில் எங்கள் டண்டீ ஊரில் ஓர் ஆள் கில்ட் என்கிற கொசுவம் வைத்த முழங்கால் பாவாடையைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்காமல் விடமாட்டார்கள். கேட்பது சின்னப் பிள்ளைகள் இல்லை. வங்கியில் வேலை பார்க்கிறவர்கள், பேரன் எடுத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவர்கள். சிலர் கேட்பதோடு நிறுத்துவதில்லை, குனிந்து தூக்கியே பார்த்துவிடுவார்கள். பிறகு பெரிய பகிடி செய்துவிட்டதுபோல் ஒரு சிரிப்பு. எனக்குக் குமட்டும். இத்தனைக்கும் பகிடி விஷயத்தில் நான் ஒன்றும் புனிதமானவள் அல்ல.

எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டில் இருக்கிற எக் லம்ஸ்டனுக்குத் தினசரி உடுத்த ஒரு கில்ட் தேவைப்பட்டது. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. முதலில் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டினார். அந்த வண்டியின் மணிப்பாட்டு தூக்கத்திலும் கேட்கிறது என்று விட்டுவிட்டார். பதினொரு மாதம் கல்யாண வாழ்க்கை; மனைவி பெர்த் ஊருக்குப் போய்விட்டாள், நாயையும் கூட்டிக்கொண்டு. அவர் இன்றுவரை நாயைப் பற்றித்தான் வருத்தப்படுவார். அதன் பிறகு இருபத்தோரு வருடம் மேட்டுத்தெரு ஆரம்பப் பள்ளியில் சாவி, கொதிகலன், துடைப்பம் மூன்றும் அவர் பொறுப்பு. நானும் அங்கே படித்தவள்தான், படித்த வரைக்கும். அவருடைய கொதிகலனுக்குப் பின்னால் நான் ஒரு ஹெரிங் மீனை ஒளித்து வைத்தேன். நான்கு நாள் பள்ளியே நாறியது. எக்தான் கண்டுபிடித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், யாரிடமும் சொல்லவில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு நாள் நினைவில் இருந்திருக்காது.

ஜனவரியில் அந்தக் கொதிகலனின் குழாய் வெடித்து நீராவி அவருடைய வலது தொடையை அவித்துவிட்டது. வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டினார்கள். ஒருநாள் கட்டு மாற்றும்போது தெரியாமல் உள்ளே போய்விட்டேன். உருகிய மெழுகை யாரோ விரலால் வழித்துப் பன்றித்தோலில் பூசியதுபோல் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார்.

கால்சட்டை போட்டால் உரசி, மதியத்துக்குள் நீர் கசிந்து துணி ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்த்தெடுக்கும் சத்தம் மாடிவரை வரும். அரைக்கால் சட்டை போட்டால் எல்லாம் வெளியே தெரியும். ஈஸ்டர் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால், தற்காலிகமாக வைத்த ஆளையே நிரந்தரமாக்குவோம் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. கில்ட் என்றால் உரசாது, தொடையும் மறையும், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அளவெடுத்துத் தைத்தால் அறுநூறு பவுண்டு. அவரிடம் இருந்தது நூறுக்கும் கீழே.

"விலை, நிறம் எல்லாம் அப்புறம், ரோனா," என்றார் சனிக்கிழமை காலை. "காத்துல தூக்கக் கூடாது. புள்ளைங்க கண்ணுல இது படக் கூடாது. நீயே ஓடினே."

"நான் அடுப்புல பால் வச்சிருந்தேன், மாமா."

"உங்க வீட்டு அடுப்பு ரெண்டு வாரமா ரிப்பேர்."

முதலில் சுற்றுலாக்காரர்களுக்கான கடைக்குப் போனோம். வாசலிலேயே பேக்பைப் என்கிற பைக்குழல் இசை காதைப் பிய்த்தது. முப்பத்தைந்து பவுண்டு கில்ட், சுத்தமான பிளாஸ்டிக் நூல். முகர்ந்தேன், தீயில் காட்டிய சீப்பின் வாடை. எக் அதைத் தன் தொளதொளப் பைஜாமாவுக்கு மேலேயே சுற்றிக்கொண்டார். படபடவென்று பொரிந்து, ஈரப் பூனைபோல் காலில் ஒட்டிக்கொண்டது.

"நூறு வருஷத்துக்குத் தாங்கும்," என்றான் கடைக்காரன்.

"மண்ணுல போட்டாலும் மக்காதுங்கிறீங்க. சரி மாமா, வாசலுக்கு வாங்க," என்றேன்.

டே நதிப் பக்கமிருந்து காற்று வந்தது. பெரிய காற்றுகூட இல்லை, எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு பெருமூச்சு. கில்ட் முழுசாக எழும்பி அவர் முகத்தை மூடியது. எதிர்ச் சாரியில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அடுத்தது சந்தையில் ஒருவன் விற்ற கான்வாஸ் கில்ட். ஐம்பது பவுண்டு. பக்கவாட்டில் பைகள், சாவிக்கொத்துக்கு வளையம். எக்கின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் பக்கிளுக்குப் பதிலாக வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்திருந்தார்கள். அதில் முன்பு போட்டுப் பார்த்தவர்களின் வயிற்று முடி சுருள் சுருளாகச் சிக்கியிருந்தது. மூன்று நிறம். நான் எண்ணினேன், எண்ணியதற்காக வருந்தினேன்.

"குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுங்க மாமா."

குனிந்தார். கர்ர்ர் என்று கிழிகிற சத்தத்தோடு முழுதும் திறந்து தரையில் விழுந்தது.

"நானூறு புள்ளைங்க முன்னாடி," என்றார் எக், மெதுவாக.

கடைசியில் கல்யாண உடைகளை வாடகைக்கு விடும் கடை. அங்கே நைந்துபோனவற்றை ஒரு கம்பியில் தொங்கவிட்டு விற்பார்கள். அசல் கம்பளி, எட்டு கஜம், கையில் வாங்கினால் தோள் இறங்கும். இந்தக் கனத்தைக் காற்று தொடாது. ஆனால் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் போனால்! ஒவ்வொரு கொசுவத்துக்குள்ளும் ஒரு கல்யாணம் காய்ந்து கிடந்தது. குழம்பு, கேக், இன்னும் என்னென்னவோ. இடுப்பு உட்துணியில் மாப்பிள்ளைத் தோழர்களின் வியர்வை மஞ்சள் வரைபடமாகப் படிந்திருந்தது. இவர்கள் சாப்பிடுவதைத் தட்டில் சாப்பிடவே மாட்டார்களா?

கடைக்காரி நெட்டா கழுத்தில் அளவு நாடாவோடு வந்தாள். "போட்டுப் பாத்துட்டு வாங்குங்க. வித்தா திரும்ப எடுக்க மாட்டோம்."

போட்டுப் பார்க்கும் இடத்துக்குக் கதவு இல்லை, முழங்கால் வரை ஒரு திரைதான். எக் அதைப் பார்த்தார். "வேண்டாம். இடுப்பு முப்பத்து நாலு."

"ஜீன்ஸ் அளவா, தொப்புள் அளவா?"

"எல்லாம் ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டார் மனிதர்.

ஒன்றல்ல என்று இங்கே ஏழு வயதுப் பையனுக்குத் தெரியும். ஜீன்ஸ் தொப்பைக்கு அடியில் உட்காரும். கில்ட் தொப்புள் மேல் உட்காரும், அதாவது தொப்பையின் நடு உச்சியில். ஆனாலும் எங்கள் ஆண்கள் இருபது வயதில் வாங்கிய ஜீன்ஸின் எண்ணைத்தான் சாகும்வரை தங்கள் அளவாகச் சொல்வார்கள். எழுபது பவுண்டு கொடுத்து வாங்கி வந்தோம். வீட்டில் கட்டிப் பார்த்தால் வாருக்கும் பக்கிளுக்கும் நடுவே என் கையளவு இடைவெளி. இடுப்பெலும்புக்கு இறக்கினால் பக்கிள் மாட்டியது, கில்ட் முழங்காலைத் தாண்டிப் பாதிக் கெண்டைக்கால் வரை தொங்கியது.

"ஜன்னல் திரை மாதிரி இருக்கீங்க."

எக் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தை மறுபடி படித்தார். "அந்த ஆளையே வச்சுக்கட்டும்," என்றார். "கொதிகலன்ல நைட்டு சத்தம் வந்தா எதுனு அவனுக்குத் தெரியாது. கத்துக்குவான்."

எனக்குக் கோபம் வந்தது. நூறு வருடம் தாங்கும் பிளாஸ்டிக் விற்கிறவன் மீது, அடுத்தவன் துணியைத் தூக்கிச் சிரிக்கிறவர்கள் மீது, பால் அடுப்பில் இருப்பதாகப் பொய் சொன்ன என் மீது. கில்ட்டைப் பையில் திணித்தேன். "கடை அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. எழுந்திரிங்க. இல்லைனா அடுத்து உங்க படுக்கைக்கு அடியில மீன் வைப்பேன்."

நெட்டா எங்களைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டாள். "எடுக்க மாட்டோம்னு சொன்னேன்ல?"

எக் அவளைத் தாண்டி நடந்தார். நேராகத் திரைக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள வந்து அளவெடுங்க," என்று குரல் வந்தது. நெட்டா போனாள். திரைக்கு அடியில் நான்கு பாதங்கள் அசையாமல் நின்றன.

"இடுப்பு நாப்பத்தொண்ணு," என்றது நெட்டாவின் குரல். "பொய் சொல்ற வாய்க்குத் தனி நாடா வேணும். நேரா நில்லுய்யா. இந்தக் காலுக்கு மேல சொரசொரப்பு படக் கூடாது, உள்ளே பட்டுத்துணி வச்சுத் தரேன். சீ, எந்த டாக்டர்யா இப்படித் தையல் போட்டது? எங்க வீட்டுப் பொம்மைக்கே இதைவிட நல்லா ஒட்டுப் போடுவேன்."

எக் சிரித்தார். அது ஜனவரிக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

அவர் அளவுக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பூனை கக்கிய நிறத்தில் கட்டம் போட்டது; எந்த மாப்பிள்ளையும் தொடாமல், கடைசியாக வந்த தோழர்களின் தலையில் கட்டியது. பழையதை எடுத்துக்கொண்டு, பட்டுத்துணியை அங்கேயே தைத்து அதைக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெண்ணெய்க் கத்தியால் ஒவ்வொரு கொசுவத்தையும் சுரண்டினேன். இரண்டு முறை ஜன்னலுக்கு ஓடி வெளியே தலையை நீட்டினேன். கத்தியைக் குப்பையில் எறிந்தேன். சலவைக்காரன் அருமையாகச் செய்திருக்கிறான் என்றார் எக். ஆமாம், ரொம்பக் காசு வாங்கிவிட்டான் என்றேன்.

திங்கள் காலை பள்ளி வாசலில் காற்று தொப்பிகளைப் பறித்துக்கொண்டிருந்தது. எக் கதவருகில் நின்றார். கில்ட் இம்மியும் அசையவில்லை. பிள்ளைகள் அவருக்கு வணக்கம் சொல்லிக் கத்திக்கொண்டே கதவு முன்னால் வரிசைக்கு ஓடினார்கள். என் தம்பியை விட வந்த சாக்கில் நான் வேலியோரம் நின்றேன்.

டாட் பெட்ரி தன் மகளைக் கொண்டுவந்து விட்டார். மோட்டார் விற்கிற ஆள், சத்தமான மனிதர். கையில் பாதி கடித்த சாசேஜ் ரொட்டி.

"என்ன எக், உள்ள காத்தோட்டமா இருக்கா?" என்றவர், நான் கத்துவதற்குள் குனிந்து பின்னாலிருந்து தூக்கிவிட்டார். உள்ளே குட்டையான கறுப்பு உள்கால்சட்டை ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்குக் கீழே அந்தத் தொடை.

டாட் பெட்ரியின் முகம் வெளுத்தது. சாசேஜ் ரொட்டி வந்த வழியே வெளியே வந்தது. காலணி மேல், வாசல்படி மேல், என் பக்கமும் கொஞ்சம். அதன் நிறத்தை நான் எழுதமாட்டேன்.

வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். எக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அய்யோ!" என்றாள் பெட்ரியின் மகள், ஆறு வயது. "கதவு பூட்டுற மாமா, இன்னொரு தடவை காட்டுங்க!"

"எனக்கும்!" என்றான் என் தம்பி. "தொட்டா வழுக்குமா?"

எக் ஒரு கண்ணைத் திறந்தார். ஒருவர்கூட ஓடவில்லை. முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"மணி அடிச்சாச்சு, உள்ள போங்கடா," என்றார். பிறகு உள்ளே போய், பிள்ளைகள் வாந்தியெடுத்தால் போடுகிற மரத்தூள் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். தூளைத் தூவிவிட்டு, துடைப்பத்தை டாட் பெட்ரியிடம் நீட்டினார்.

பெட்ரி குனிந்து பெருக்கினார். எக் இடுப்பில் கை வைத்து மேற்பார்வை பார்த்தார்.

"படியோரம் விட்டுட்டீங்க," என்றார்.