கடைசித் துளை

கிரேன் ஓட்டியை எல்லோரும் 'பீப்பாய்' என்றே கூப்பிடுவார்கள். அவர் அப்பா, பெரியப்பா எல்லோருக்குமே அப்படித்தான் உடம்பு. பாதுகாப்புப் பெல்ட் இடுப்பைச் சுற்றிப் பூட்ட எட்டவில்லை என்று மேலதிகாரி அவரைக் கீழே இறக்கிவிட்டார். மூன்று மாதத்துக்குள் அது எட்டாவிட்டால் கிரேன் வேறொருவருக்குப் போய்விடும்.

முதல் மாதம் ஆடி அசைந்து நடந்தார். தொப்பை அசையவில்லை. கம்பெனி நர்ஸ் அவருடைய நாடியைப் பார்த்துவிட்டு, "மூச்சு வாங்க ஏறுங்க, நிதானமா இறங்குங்க" என்றார். அன்றுமுதல் தன் குடியிருப்பின் நாலு மாடிப் படியையும் தினம் ஆறு தடவை ஏறினார்.

கெடு முடியும் நாள் காலையில் எடை பார்த்தால், குறைந்தது ஒரே கிலோ.

"மாமா, படிதான் தேஞ்சிருக்கு!" என்று மனைவியின் தம்பி சிரித்தான்.

"சும்மா இருடா, அவரே நொந்து போயிருக்காரு" என்று அக்காள் அதட்டினாள்.

வேலையிடத்தில் மேலதிகாரி எடையைக் கேட்கவில்லை, பெல்ட்டை நீட்டினார். ஓட்டி மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"அந்த வித்தையெல்லாம் வேணாம். மூச்சை விடுங்க."

விட்டார். பெல்ட்டை இழுத்தார். கொக்கி கடைசித் துளையில் விழுந்தது.

"எடை ஒரு கிலோதான் சார் குறைஞ்சுது!"

"கொழுப்பு கரைஞ்சு காலுல தசை ஏறியிருக்கு. தராசுக்கு அது தெரியுமா?"

பீப்பாய் அதற்குள் ஏணியில் கால் வைத்துவிட்டார்.