நௌஷீன் மேடமும் வகைபிரிக்கும் சொற்களும்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்த பேங்க் தேர்வுப் பயிற்சி நிலையத்தில் ஆங்கிலம் என்றால் நௌஷீன்தான். ரம்ஜான் மாதத்தில்கூட வகுப்பை விட்டதில்லை. வீட்டுக்காரர் சாதுல்லா துணிக்கடை வைத்திருந்தார். வருமானத்துக்காக அவள் வேலைக்குப் போகவில்லை. படி ஏறும்போது "மேடம் வர்றாங்க" என்று ஒரு குரல் கேட்கும், உள்ளே சத்தம் அடங்கும். அதற்காகத்தான் போனாள் என்று சொன்னால் தப்பில்லை.

அவளுக்கே ஒரு காலத்தில் பேங்க் தேர்வு எழுத ஆசை இருந்தது. முதலில் கல்யாணம் வந்தது, அப்புறம் பிள்ளைகள், அதற்குள் வயசு வரம்பு தாண்டிவிட்டது. அந்த ஆசையை யாரிடமும் சொன்னதில்லை.

ரிஷிவந்தியத்திலிருந்து சந்தியா வந்து சேர்ந்தது ஒரு ஆடி மாதம். கரும்பும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பத்துப் பெண், எம்.ஏ. முடித்தவள், தானும் பேங்க் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஆங்கிலம் நடத்த வந்தவள். பஸ்ஸில் வந்து இறங்கி, தலையைக்கூடச் சரிசெய்யாமல் வகுப்புக்குள் நுழைவாள். முதல் வாரமே பிள்ளைகள் அவள் மேஜையைச் சூழ்ந்து நின்றார்கள். நௌஷீன் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தாள்.

பிரிப்பது, அடுக்குவது பற்றிய சொற்களை அந்த வாரம் நௌஷீன் நடத்தியிருந்தாள். கிளாசிஃபை என்றால் வகைப்படுத்து. ரீகிளாசிஃபை என்றால் ஒரு வகையில் இருந்ததை எடுத்து வேறு வகையில் சேர். ரீகுரூப், ரீலேபிள், ரீஅரேஞ்ச் எல்லாவற்றுக்கும் பொருள் எழுதிப்போட்டாள். எழுதிக்கொண்டார்களே தவிர, தேர்வு வைத்தபோது பாதிப்பேர் ஒன்றுக்கு ஒன்றை மாற்றி எழுதியிருந்தார்கள்.

மறுநாள் பக்கத்து அறையில் அதே சொற்களை நடத்தும் சந்தியாவின் குரல் கேட்டது.

"நௌஷீன் மேடம் கடைக்குப் போயிருக்கீங்களா? தீபாவளி முடிஞ்சதும் இன்னா பண்றாங்க? விக்காத பொடவைய பட்டு அலமாரிலேந்து எடுத்து ஆஃபர் அலமாரில வெக்கிறாங்க. அது ரீகிளாசிஃபை. பொடவை அதே பொடவைதான், வகைதான் மாறிச்சி. பொடவைல ஒட்டின சீட்டை மட்டும் பிச்சிட்டு புதுச் சீட்டு ஒட்டினா ரீலேபிள். செவப்பெல்லாம் ஒரு பக்கம், பச்சையெல்லாம் ஒரு பக்கம்னு இடத்தை மாத்தி அடுக்கினா ரீஅரேஞ்ச். புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது மேடம்!" என்று அறையே அதிர்ந்தது.

நௌஷீனுக்குக் காது சூடானது. அந்த அலமாரிக் கதையை டீ குடிக்கும்போது சந்தியாவிடம் சலித்துக்கொண்டு சொன்னதே அவள்தான். சொந்தக் கடை, கையால் மடித்துவைக்கிற புடவைகள். வகுப்பில் சொல்ல வேண்டும் என்று தனக்கு ஏன் தோன்றவில்லை?

வீட்டில் சாதம் பரிமாறும்போதும் அது அடங்கவில்லை.

"அந்தச் சந்தியா என் கடைய வெச்சி பேர் வாங்கிக்கினு போறா," என்றாள்.

"கடைக்கு விளம்பரம்தானே, நல்லதுதானே," என்றார் சாதுல்லா.

"உங்களுக்கு ஒண்ணும் புரியாதுங்க," என்று குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தாள்.

அதற்குப்பின் சந்தியாவின் அறை வழியாகப் போகும்போதெல்லாம் அவள் கண் தானாகக் கரும்பலகைக்குப் போனது. தப்புத் தேடினாள். ஒருநாள் கிடைத்தது. திரும்பவும் பிரித்து அடுக்கு என்பதற்கு ரீ-சார்ட் என்று எழுத வேண்டும், நடுவில் ஒரு சின்னக் கோடு உண்டு. சந்தியா கோட்டை விட்டுவிட்டாள். கோடு இல்லாவிட்டால் அது ரிசார்ட், தங்கிவிட்டு வருகிற இடம்.

நௌஷீன் கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே போய், "பிள்ளைங்களுக்குத் தப்பா சொல்லித் தரக்கூடாது சந்தியா. இது ரிசார்ட். எந்த ஊர்ல இருக்குது?" என்றாள்.

சந்தியாவின் முகம் சிவந்தது. பார்க்க நௌஷீனுக்கு இனித்தது. ஆனால் அந்தப் பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"அய்யய்யோ! எல்லாரையும் வெள்ளிமலைக்கு ரூம் போட்டு இட்டுக்கினு பூட்டனே! தேங்க்ஸ் மேடம்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சந்தியாவோடு சேர்ந்து சிரித்தது. நௌஷீன் வெளியே வந்தபோது அவளை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த மாதம் நிலையத்தை நடத்துகிற அன்புச்செல்வன் கூப்பிட்டார். "பாட்செல்லாம் ரீகுரூப் பண்ணப்போறேன் மேடம். சொற்கள் பகுதி சந்தியா பாத்துக்கட்டும். புதுசா சேர்றவங்களுக்கு நீங்க கிராமர் எடுங்க. அடிப்படை சரியா இருக்கணும்னா உங்கள வுட்டா ஆளில்ல."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால், புடவையைப் பட்டிலிருந்து ஆஃபருக்கு மாற்றியாயிற்று என்றே நௌஷீனுக்குக் கேட்டது. சரி என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

புது அறை சின்னது, மின்விசிறி கடகடத்தது. முதல் நாளே பக்கத்து அறையின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "இந்தக் கோட்ட மறக்காதீங்க. இது நௌஷீன் மேடம் எனக்குச் சொல்லித் தந்தது. நானே மறந்துட்டேன், அவங்க கண்ணுலதான் பட்டுச்சி."

மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. தான் குத்துவதற்காகச் சொன்னதை அவள் நன்றியாக மாற்றிக்கொண்டு, அந்த நல்ல பெயரையும் தானே எடுத்துக்கொண்டாள் என்றுதான் பட்டது. பெருந்தன்மையும் இவளுக்கே போக வேண்டுமா?

பொங்கல் கழிந்து சந்தியாவுக்கு வேலை கிடைத்தது. உளுந்தூர்பேட்டையில் ஒரு வங்கிக் கிளை. அன்புச்செல்வன் வாசலில் அவள் படம் போட்டு பேனர் கட்டினார். நௌஷீன் அந்தப் பக்கம் பார்க்காமல் படி ஏறினாள். பழைய பாட்ச் அவளிடமே திரும்பி வந்தது. முதல் நாள் யாரோ கேட்டார்கள், "மேடம், சந்தியா மேடம் எப்பனா வருவாங்களா?" வருவாங்க என்று சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தியா வந்தாள், கையில் மைசூர்பாகுடன். வகுப்பு இல்லாத அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கவுன்டர் வேலை, லோன் கேட்டு வருகிறவர்கள், மேனேஜரின் கோபம் என்று அவள் பேசிக்கொண்டே போனாள். நௌஷீன் ஒரு துண்டை வாயில் போட்டாள். நெய் நன்றாகவே இருந்தது.

"உன்ன பாத்தா எனக்கு வயிறு எரியுதும்மா," என்றாள் திடீரென்று. "நீ வந்த நாள்லேந்தே எரிஞ்சிக்கினுதான் இருக்குது."

சந்தியா கலகலவென்று சிரித்தாள். "போங்க மேடம், நீங்க எப்பவுமே தமாஷுதான்."

தமாஷ் இல்லை என்று சொல்ல நௌஷீன் வாயெடுத்தாள். "இன்னொண்ணு எடுத்துக்கோ," என்று டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.