வல்லாரைப் பாத்தியில் வெள்ளைப் பொடி

உரத்திலிருக்கும் கிருமிகள் நன்றாகப் பெருகிவிட்டால் கண்ணுக்குத் தெரியும் என்று நான் நம்பியிருந்தேன். ஐம்பதை எட்டப்போகிறவன் நம்பக்கூடியதா என்று கேட்காதீர்கள். நம்பினேன்.

வாவிக்கரையில் எங்கள் வளவு, மணல் தரை. அதில் மனைவி வல்லாரை நட்டிருந்தாள். மட்டக்களப்புச் சந்தைக்குப் பக்கத்தில் இலைக்கஞ்சி விற்கும் பெண் ஒருத்தி, பாத்தி தழைத்தால் இனி எங்களிடமே இலை எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். தழைக்க வைக்கும் பொறுப்பை யாரும் கேட்காமலே நான் ஏற்றேன். உயிர் உரப் பக்கெற் ஒன்றை மாட்டெருவில் கலந்து போட்டேன். அது போதாதென்று, அடுத்த வளவு மச்சானின் வலையில் சிக்கி வந்த வாவிப் பாசியையும் அள்ளிவந்து மேலே பரப்பினேன். எங்கள் கரையில் தென்னைக்கு அப்படித்தான் போடுவார்கள்.

சில நாளில் இலை விளிம்புகள் கருகின. பாத்தியெங்கும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பக்கெற்றில் 'உயிருள்ள நுண்ணுயிர்கள்' என்று எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டார்கள் என்று முடிவுசெய்தேன்.

"புள்ள, கிட்டப் போகாத! கிருமியெல்லாம் வெளிய வந்திட்டு!"

"வந்தா என்ன, தேத்தண்ணி ஊத்திக் குடுக்கட்டா?" என்று குசினியிலிருந்து மனைவியின் பதில் வந்தது.

முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு, கிருமிகளை மூழ்கடித்தே கொல்வதென்று கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினேன். மச்சான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், முகத்தக் கட்டிக்கிட்டு உன்ட வளவிலயே களவெடுக்கிறியா?"

சத்தம் கேட்டு வந்த மனைவி, தண்ணீர் படாத மூலையில் அந்த வெள்ளையை ஒரு சிட்டிகை கிள்ளி நாக்கில் வைத்தாள். எனக்கு அம்புலன்ஸ் சத்தமே காதில் கேட்டது.

"உப்பு," என்றாள். "வாவி உப்புத்தண்ணிப் பாசியக் கழுவித்தானே போட்டீங்க?"

நான் மச்சானைப் பார்த்தேன்.

"தென்னைக்காக்கும் எண்டு நினைச்சன், அதுக்கு உப்பு ஒண்டும் செய்யாதே," என்றபடி அவன் தலை வேலிக்குக் கீழே இறங்கியது.

பாசியை வாரி எறிந்தோம். நான் வாளியைக் கீழே வைக்கவில்லை. ஊற்றுவதற்கான காரணத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன். மணல் தரையாகையால் உப்பு தண்ணீரோடு கீழே போய்விட்டது. கருகிய இலைகள் உதிர்ந்தன, எருவில் புதிய கொடிகள் ஓடின. கஞ்சிக்காரி வந்து முதல் கட்டு இலையை எடுத்துப் போனாள்.