வயலினைத் தொட்டால் மட்டும் மடங்கிய விரல்

முதலில் ஒரு மன்னிப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை வரும், முன்னுக்கு நடந்தது பின்னுக்கு வரும், சிலது மறந்தும் போகும். எங்கள் முதியோர் கூட்டம் போடும் புத்தகத்துக்கு ஆளுக்கொன்று எழுதித் தரச் சொன்னார்கள். எழும்பிப் பேசு என்றால் எனக்கு நாக்கு ஒட்டிவிடும். எழுதினால் ஒருவரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்தானே, அதனால் சம்மதித்தேன்.

என் மகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு ஒரே பிள்ளை. வயலின் வாசித்தவள்.

லண்டனில், வால்தம்ஸ்டோவில் எங்கள் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் நடந்த வகுப்பில், நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கப் பழகினாள். பள்ளிக்கூடத்தில் அதே வயலினை நாடிக்குக் கீழே வைத்து, நின்றுகொண்டு வாசிக்க வைத்தார்கள். மூன்றாவது விதம் ஆர்ச்வேயில் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை முருகன் கோயில் பூசை முடிந்து மலை இறங்கி வரும்போது, ஒரு பப்பின் கதவு திறந்து உள்ளே வாசிப்பது கேட்டது. மகள் நின்றுவிட்டாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும்.

"அப்பா, இது மோகனம்!"

"மோகனமும் மண்ணாங்கட்டியும். பஸ் வரப்போகுது, நட பிள்ளை."

"இல்லையப்பா, வடிவாக் கேளுங்கோ. மோகனம் எழும்பி ஓடுற மாதிரி இருக்கு."

என் கணவர் கேட்டார். பஸ் போய்விட்டது. உள்ளே இருந்தவர்கள் அயர்லாந்துக்காரர். அவர்கள் வயலினை நெஞ்சில் சாய்த்து வாசித்தார்கள், காலால் நிலத்தில் அடித்தார்கள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், பெட்ரோல் செட்டில் ஷிப்ட் இல்லாவிட்டால், இவர் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போவார். நெற்றியில் திருநீற்றோடு ஒரு தோடம்பழச் சாற்றை வைத்துக்கொண்டு இருப்பாராம். சொந்தத்தில் இது பெரிய கதையாகிவிட்டது.

"உன்ரை மனிசன் பிள்ளையைத் தவறணைக்குக் கூட்டிக்கொண்டு போறாராமே?" என்று இவருடைய தங்கை, என் மச்சாள், போனில் கேட்டாள். நான் அடுப்பில் ஏதோ எரிகிறது என்று போனை வைத்துவிட்டேன்.

பிறகு அவள் சங்கீதக் கல்லூரிக்குப் போனாள். பெரிய வாத்தியக் குழுக்களில் ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போவாள். அங்கே படித்த சிநேகிதர்கள் மூலம் ஜாஸும் பிடித்துக்கொண்டது. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து வாசிக்க ஒரு சின்னக் குழு தொடங்கினாள். ஒரு அயர்லாந்துக்காரன் கித்தார், ஒரு கறுப்புப் பிள்ளை பியானோ, இவள் வயலின். ஸ்கொட்லாந்து, அயர்லாந்து, ஜெர்மனி என்று போய் வந்தார்கள்.

எனக்கு அந்தக் கச்சேரிகளில் எங்கே கை தட்டுவது என்று தெரியாது. பெரிய மண்டபத்தில் வெள்ளைக்காரர் பாட்டுக்கு நடுவில் வாசிப்பு நிற்கும், ஆனால் தட்டக்கூடாது. இவர் ஒருமுறை தட்டிவிட்டார். அவ்வளவு பேருக்குள் தனியே இவருடைய இரண்டு கை. ஜாஸிலோ பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்ட வேண்டும். இவர் எங்கே போனாலும் தொடையில் தாளம் போடுவார், பக்கத்துச் சீட்டு மனுசி முறைப்பாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு மகளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"எங்கை போனாலும் நான் மற்ற ஆக்களின்ரை ஆளம்மா," என்று அவள் சிரிப்பாள். "ஐரிஷ்காரர் ஜாஸ் எண்டினம். ஜாஸ்காரர் கிளாசிக்கல் எண்டினம். மாமி பப்பிலை பிடில் அடிக்கிறவள் எண்டுறா."

ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். வருடத்துக்கு வருடம் கூட வந்தார்கள்.

இவர் காலமாகி அடுத்த வருடமோ அதற்கும் பிறகோ, சரியாக நினைவில்லை, மகளுடைய இடது கைச் சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியது. நோவு இல்லை, வீக்கம் இல்லை. தேங்காய் துருவுவாள், பிட்டுக்கு மா குழைப்பாள், தையல் ஊசியில் நூல் கோப்பாள். விரல் நேராக நிற்கும். வயலினைத் தூக்கித் தந்தியில் கை வைத்தவுடன், தொட்டாற்சிணுங்கி மாதிரி உள்ளே சுருண்டுவிடும். பிறகு பக்கத்து விரலும் அதோடு சேர்ந்தது.

நான் நல்லெண்ணெய் சுடவைத்துப் பூசினேன். நாவூறு என்று நினைத்து உப்பும் செத்தல் மிளகாயும் தலையைச் சுற்றி எரித்தேன். வீட்டுப் புகை அலாரம் அலறத் தொடங்க, மகள் இருமி இருமிச் சிரித்தாள்.

"அம்மா, இனித் தீயணைப்புக்காரன் ஏணியோடை வந்து எனக்கு நாவூறு பாக்கப்போறான்!"

அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

டொக்டர், அது கையில் உள்ள வருத்தம் இல்லை, மூளை விரலுக்குப் பிழையாகச் சொல்கிறது, வாசிக்கும்போது மட்டும் என்று சொன்னாராம். ஊசி போட்டுப் பார்த்தார்கள். கைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். அவள் அறைக்குள் இருந்து சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சுரமாக வாசிப்பாள், ஓரிடத்தில் வந்து நிற்பாள், திரும்பத் தொடங்குவாள். நான் குசினியில் நின்று அந்த இடம் வரும்போது மூச்சைப் பிடிப்பேன். தாண்டிவிட்டால் முருகா என்பேன். தாண்டிய நாள் குறைவு.

மச்சாள் வீட்டுக்கு வந்தபோது மகள் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, "கை நல்லாத்தானே இருக்கு. இது பஞ்சி, சோம்பேறித்தனம், வேறை ஒண்டுமில்லை," என்றாள்.

மகள் கோபிக்கவில்லை. "ஓம் மாமி, நல்லாத்தான் இருக்கு. அதுதான் பிரச்சினை," என்று சொல்லி அவளுக்கு இன்னொரு வடை எடுத்துக் கொடுத்தாள்.

மிச்சம் இருந்த இரண்டு விரலை வைத்துக்கொண்டும் கொஞ்சக் காலம் மேடைக்குப் போனாள். மெதுவான பாட்டுகளாகத் தெரிந்தெடுத்தாள். கடைசிக் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன். வேகமான ஒரு பாட்டை ஆட்கள் கேட்க, மறுக்க முடியாமல் தொடங்கினாள். வீட்டில் பல தரம் கேட்ட பாட்டு, எனக்கு அடி முடி தெரியும். நடுவில் வயலினை இறக்கினாள். பியானோக்காரன் உடனே பிடித்துக்கொண்டு தான் வாசித்தான். சனம், அவளுடைய தனி வாசிப்பு முடிந்தது என்று நினைத்து விசிலடித்துக் கை தட்டியது. அவள் தலை குனிந்து கும்பிட்டாள்.

அதோடு விட்டாள். குழுவைக் கலைக்க மற்ற இருவரும் விரும்பினார்கள். இவள்தான், "நீங்கள் வேறை ஆளைப் பாருங்கோ," என்று பிடிவாதமாக நின்று ஒரு பெண்ணைத் தேடியும் கொடுத்தாள். இப்போது மகள் உள்ளூர்க் கவுன்சில் அலுவலகத்தில் வேலை செய்கிறாள்.

போன மாரியில் அந்தப் புதுப் பெண்ணின் கச்சேரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அத்தனை வருடம் அவளை மேடையில் தூரத்தில் வைத்துப் பார்த்த எனக்கு, அன்றைக்குத்தான் மண்டபத்தில் அவள் பக்கத்துச் சீட்டில் இருந்தாள். அந்தப் பெண் நன்றாக வாசித்தாள், பொய் சொல்லக்கூடாது. எல்லாம் என் மகள் கட்டிய பாட்டுகள். நான் திரும்பிப் பார்த்தேன். மகளுடைய இடது கை அவளுடைய கோட்டின் மேல் கிடந்தது. நாலு விரலும் மேடையில் வாசிக்கிற பாட்டுக்குச் சரியாக ஓடிக்கொண்டிருந்தன. சுண்டுவிரல் மடங்கவேயில்லை.

"பிள்ளை, விரலைப் பார்," என்று காதுக்குள் சொன்னேன்.

"தெரியுமம்மா," என்றாள். "வயலின் இல்லையெண்டா அது வாசிக்கும்."



இந்த வருத்தத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது, எனக்கு வாயில் வராது. குழு எந்த நாட்டுக்கு முதலில் போனது, எந்த வருடம் நிறுத்தினாள் என்பதிலும் எனக்குச் சந்தேகம். மகளைக் கேட்டு எழுதியிருக்கலாம், மனம் வரவில்லை. புத்தகம் அச்சுக்குப் போகுமுன் விஷயம் தெரிந்த யாராவது இவற்றைப் பார்த்துத் திருத்திவிடுங்கள். அவளைக் கேட்காமல் திருத்துங்கள்.