மாமா நம்பிய நானூற்று முப்பது

என் அக்கா புருஷன் பத்து வருஷமாக கார் ஓட்டுகிறார். ஓட்டிய தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் உலகத்தைச் சுற்றி வந்திருப்பார். ஆனால் ஓர் ஊருக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் சோதனை அறையில் அவருக்கு வேலை. தரையில் பதித்த உருளைகளின் மேல் காரை ஏற்றிக் கட்டிவிடுவார்கள். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. எதிரே திரையில் ஒரு கோடு ஏறியும் இறங்கியும் போய்க்கொண்டே இருக்கும். கோடு ஏறினால் மிதிக்க வேண்டும், இறங்கினால் காலை எடுக்க வேண்டும், அடியைத் தொட்டால் நிறுத்த வேண்டும். கோட்டை விட்டு விலகாமல் ஓட்டுவதில் மாமாவை மிஞ்ச அந்த ஷிப்டில் ஆள் கிடையாது. அவர் ஓட்டி முடித்த பிறகுதான் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்கிற எண்ணே பிறக்கும்.

அப்பேர்ப்பட்டவர் சொந்தமாக ஒரு கரண்ட் கார் வாங்கினார். வேறு கம்பெனியின் வண்டி. ஒரு முறை சார்ஜ் போட்டால் நானூற்று முப்பது கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தான். விளம்பரம் என்றாலே கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கிற ஜனங்கள் நாங்கள். மாமா ஒரு கிலோமீட்டர்கூடக் கழிக்க மாட்டார்.

"மாப்ள, இந்த நம்பரை எவனும் சும்மா எழுதல. என்னை மாதிரி ஒருத்தன் ரூம்ல உக்காந்து, கால் வலிக்க ஓட்டி எடுத்திருக்கான். அவன் பொய் சொல்லுவானா?" என்பார்.

முகம் தெரியாத ஒரு சக தொழிலாளிக்காக அவர் இப்படி மல்லுக்கு நிற்கும்போது நமக்கு எதிர்த்துப் பேச வாய் வராது. தவிர, வாங்கியதிலிருந்து அந்த வண்டி கம்பெனிக்கும் வீட்டுக்கும், ஆசைப்பட்டால் வல்லக்கோட்டை முருகனுக்கும் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. அந்த எண்ணைச் சோதித்துப் பார்க்க வேறு எதுவும் அகப்படாமல் என் கல்யாணம் வந்து அகப்பட்டது.

எனக்கு அப்போது முப்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது. காருக்கு சீட் தைக்கிற கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். வந்த வரன்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தில் தட்டிப்போயின. பெண் கிடைக்காத வயசில் ஒருவனுக்கு வருகிற அறிவுரைகளைத் தனிப் புத்தகமாகவே போடலாம். கடைசியாக ஒரு வரன் வந்தது. பெண்ணுக்கு வல்லம் வடகாலில் வேலை, ஒரகடத்தில் ஹாஸ்டல் வாசம். என் வீட்டிலிருந்து நடந்தால்கூடப் போய்விடலாம். அவளுடைய கம்பெனி பஸ்ஸும் என்னுடைய கம்பெனி பஸ்ஸும் தினமும் ஒரே மேம்பாலத்துக்கு அடியில்தான் நிற்கும். ஆனால் பெண் பார்ப்பதென்றால் பெற்றவர் வீட்டில்தானே பார்க்க வேண்டும்? அவள் வீடு மணப்பாறைக்குப் பக்கத்தில். ஆக, பக்கத்துத் தெருவில் இருக்கிற பெண்ணைப் பார்க்க முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போக வேண்டும். அவளும் அதற்காக லீவு போட்டு முதல் நாளே பஸ் ஏறிவிட்டாள்.

போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் அதுவும் தட்டிப்போகும் என்று பயம்.

பெண்ணின் அப்பா போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கெழமை. பன்னெண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பிச்சிடும். அதுக்கு முன்னாடி வாசப்படி மிதிச்சிடுங்க. சாயங்காலம் திருச்சியிலேர்ந்து இன்னொரு வீட்டுக்காரங்க வர்றாங்க. ரெண்டையும் பார்த்துட்டு ராத்திரிக்குள்ள முடிவு பண்ணிடுவோம்."

அக்கா போனை வாங்கி என்னைப் பற்றி எடுத்துவிட்டாள். "என் தம்பிக்கு கோவம்னா இன்னான்னே தெரியாதுங்க. சமையலு அத்துப்படி. கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்துகினு வேலையப் பார்ப்பான்." இதை அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து அறையில், பனியனைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தேன். அவள் கதவைச் சாத்திவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். கடைசியில், "எங்க சொந்தக் கரண்ட் கார்லதான் வரோம்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். மாமா ஓட்ட, பக்கத்தில் பெரியப்பா. அப்பா இல்லாத வீடு என்பதால் பேச்சு வார்த்தைக்கு ஒரு பெரிய மனிதர் வேண்டும். எங்கள் பெரியப்பா எல்லா வகையிலும் பெரிய மனிதர். அவர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி ஒரு பக்கம் தணிந்தது. பின்னால் நானும் அக்காவும், எங்கள் நடுவில் பூ, பழம், வெற்றிலை, ஸ்வீட் எல்லாம் வைத்த தட்டுகளும். வண்டியின் திரை, நானூற்றுப் பத்து கிலோமீட்டர் போகலாம் என்று காட்டியது.

"பாத்தியா மாப்ள? போய்ச் சேந்த பொறவும் மிச்சம் இருக்கும்" என்றார் மாமா. அந்த மிச்சத்தில் மணப்பாறையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றும் சொன்னார்.

சிங்கப்பெருமாள்கோயிலில் ஜி.எஸ்.டி. ரோடு ஏறியதும் எல்லாரையும் போல நூறில் போனோம். பட்டுப்புடவையின் புழுக்கத்துக்கு அக்கா ஏ.சி.யைக் கூட்டச் சொன்னாள். பெரியப்பா குறட்டையில் இறங்கிவிட்டார். திண்டிவனம் வந்தபோது மாமாவின் முகம் மாறியது. நாங்கள் ஒரு கிலோமீட்டர் போனால் திரையில் ஒன்றரைக்கு மேல் குறைந்தது. மளிகைக் கடைக்காரன் தராசை விரலால் அழுத்துகிற மாதிரி அந்த எண் எங்களை ஏமாற்றிக்கொண்டே வந்தது. விழுப்புரத்தில் நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். திருச்சியே சந்தேகம்.

"மாமா, எங்கயாச்சும் சார்ஜ் போட்டுக்கலாம்" என்றேன்.

"தேவையே இல்ல. வண்டி மேல தப்பு இல்ல மாப்ள. தப்பு நம்ம மேல. ரூம்ல ஓட்டுத மாதிரி நாம ஓட்டல. அப்படி ஓட்டினா நம்பர் வந்துதானே ஆகணும்?"

சொன்னவர் ஏ.சி.யை அணைத்தார். காற்று இழுக்கும் என்று கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டார். சோதனை அறையில் அப்படித்தானாம். அங்கே அறைக்கே குளிர்சாதனம் உண்டு என்பதை அவர் சொல்லவில்லை. அதன் பிறகு நடந்ததை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வருகின்றன. மாமா அந்தக் கோட்டை ஓட்ட ஆரம்பித்தார். பத்து வருஷப் பழக்கத்தில் கோடு முழுக்க அவருக்கு மனப்பாடம். கண் சாலையில் இருந்தது, கால் மட்டும் ஒரகடத்துக்குப் போய்விட்டது. மெல்ல ஏறுவார், கொஞ்ச நேரம் பிடிப்பார், மெல்ல இறங்குவார். எதிரே ஒரு காக்கைகூட இல்லாத நான்கு வழிச் சாலையில், ஓரமாகப் போய் வண்டியை முழுசாக நிறுத்துவார். எங்களுக்குத் தெரியாத எதையோ எண்ணிவிட்டுத் திரும்பவும் கிளம்புவார்.

மூன்றாவது தடவை நின்றபோது பின்னால் வந்த வைக்கோல் லாரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "இன்னா சார், வண்டி ரிப்பேரா?"

"இல்லண்ணே, டெஸ்டு" என்றார் மாமா.

லாரிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். வியர்வையில் நனைந்த பெரியப்பா, பவுடர் கரைந்து வழிகிற அக்கா, மடியில் ஆப்பிள் தட்டோடு நான். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் மாமாவின் பார்வை பெரியப்பாவின் மேல் விழுந்தது. "டெஸ்ட்ல ஒரு ஆளு கணக்குத்தான் மாப்ள. பெரியப்பாவை பஸ்ல ஏத்திவிட்டா..." என்று ரகசியமாக ஆரம்பித்தார். பெரியப்பாவுக்கு எந்தத் தூக்கத்திலும் தன் பேர் மட்டும் காதில் விழும். கண்ணைத் திறந்து, "என்னை எறக்கிட்டு யாருடா பேசுவீங்க, கரண்டா?" என்றார்.

பாடாலூர் தாண்டி ஓர் ஓட்டல் வாசலுக்கு ஊர்ந்து சேர்ந்தபோது திரையில் எண்ணே இல்லை. இரண்டு சின்னக் கோடுதான் இருந்தது. மணி பத்தைத் தாண்டிவிட்டது. அங்கே இருந்த ஒரே சார்ஜரில் வேறொரு கார் மாட்டியிருந்தது. அதன் சொந்தக்காரர் உள்ளே நெய்ரோஸ்டுக்குக் காத்திருந்தார்.

நான் வெடித்துவிட்டேன். "ரூமு ரூமுன்னு சொல்லிகினு என் வாழ்க்கைய நடுரோட்டுல நிறுத்திட்டியே மாமா! அந்த நம்பரை நீயே கட்டிக்கோ!" மரியாதையாவது மண்ணாவது. ஓட்டலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாமா சார்ஜர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்கு அப்போது அவர்மேல் துளிகூட இரக்கம் வரவில்லை. அந்த போட்டோதான் கண்ணில் நின்றது.

அக்கா சட்டென்று முடிவெடுத்தாள். "தட்டெல்லாம் வண்டியிலயே இருக்கட்டும். நாம மூணு பேரும் பஸ்ஸு ஏறலாம். மாப்பிள்ளையாவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்." கை காட்டியதும் ஒரு திருச்சி பஸ் நின்றது. பெரியப்பாவை இரண்டு பேராகத் தள்ளி ஏற்றினோம். திருச்சியில் இறங்கி மணப்பாறை பஸ் பிடித்தோம். அது பார்க்கிற ஊரிலெல்லாம் நின்றது. பன்னிரண்டாக இன்னும் கொஞ்சம்தான் இருந்தபோது அக்காவின் போன் அடித்தது. மாமா.

"நான் வந்துட்டேம்லா! நீங்க போன ஒடனே அந்த ஆளு வண்டிய எடுத்துட்டாரு. வேணுங்கத அளவு ஏத்திக்கிட்டு நேரா வந்துட்டேன். எமகண்டத்துக்கு முன்னாடியே தட்டை உள்ள வச்சாச்சு. தட்டு வந்தா மாப்பிள்ளை வந்த மாதிரிதான்னு பொண்ணோட அப்பா சொல்லிட்டாவ."

அக்காவுக்குப் போன உயிர் வந்தது. அடுத்த வினாடியே திரும்பவும் போனது. "நீங்க மட்டும் அங்க இன்னா பண்றீங்க?"

"சும்மா பேசிக்கிட்டு இருக்கோம். தம்பியைப் பத்தி அவுக கேட்டாவ. சொன்னேன்."

"இன்னா சொன்னீங்க?"

"உள்ளதைத்தான்."

அக்கா போனை மடியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கும் புரிந்துவிட்டது. மாமாவுக்கு மற்ற எதை வேண்டுமானாலும் வளைக்கத் தெரியும். அளந்து பார்த்ததை மட்டும் மாற்றிச் சொல்லத் தெரியாது. பத்து வருஷமாக என்னைப் பக்கத்திலிருந்து பார்த்துவருகிறவர் அவர். இந்த வரனும் போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன்.

கரண்ட் கார் மாப்பிள்ளை ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியதைத் தெருவே நின்று பார்த்தது. பெண்ணின் அப்பா சிரித்த முகமாகத்தான் வரவேற்றார். எதற்குச் சிரிக்கிறார் என்பதுதான் தெரியவில்லை. முறுக்கும் காபியும் வந்தன. பெரியப்பா தயாராக வைத்திருந்த பேச்சை ஆரம்பிக்கும் முன்பே பெண், "அப்பா, நான் அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்" என்றாள்.

கொல்லைப்புறத்தில் தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றோம். போட்டோ அவளுக்கு நியாயம் செய்யவில்லை. என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"உங்கக்கா, உங்களுக்குக் கோவமே வராதுன்னாங்க. அன்னிக்கே நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளே தொடர்ந்தாள். "மேம்பாலத்துக்குக் கீழ, கம்பெனி பஸ்ஸு உங்கள விட்டுட்டுக் கெளம்பினப்ப, பின்னாடியே ஓடிக்கிட்டு டிரைவரத் திட்டினீங்களே. எங்க பஸ்ஸே பார்த்துச்சு. போட்டோவப் பார்த்ததுமே அவருதான்னு கண்டுபிடிச்சிட்டேன். கோவம்கூடப் பரவால்ல. பொய்யி சொல்ற வீடு வேணாம்னு நெனச்சேன். அப்பாதான் நேர்ல பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னாரு."

தொட்டித் தண்ணீரைப் பார்த்தேன்.

"ஆனா உங்க மாமா வேற மாதிரி சொன்னாரு. கோவம் வரும், ஒரு மணி நேரத்துல அடங்கிடும்னாரு. சமையல்ல ரசம் மட்டும் வரும். காலைல மூணு தடவ எழுப்பினாத்தான் எழுந்திருப்பீங்க. எல்லாம் சரியா?"

பாடாலூரில் நான் கத்திய கத்தல் ஞாபகம் வந்தது. அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு வந்து, எனக்காக இதையெல்லாம் நிதானமாகக் கணக்குச் சொல்லியிருக்கிறார் மனுஷன்.

"அது ஏ.சி. ரூம் கணக்குங்க" என்றேன். "வெயில் காலத்துல ஒரு மணி நேரத்துல அடங்காது. கொஞ்சம் கூடவே ஆகும். எழுப்பறதும் நாலு தடவைன்னு வச்சிக்குங்க. ரசம் மட்டும் கரெக்டு."

அவள் சிரிக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அங்கே நிற்கப் பிடிக்காமல் வாசலுக்கு வந்தேன். மாமாவின் காரைச் சுற்றித் தெரு ஆண்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். ஒருவர் பானெட்டைத் தட்டிப் பார்த்தார், ஒருவர் குனிந்து சைலென்ஸரைத் தேடினார். பெண்ணின் அப்பா பெருமையாக, "எங்க சம்பந்தி வீட்டு..." என்று ஆரம்பித்து, இன்னும் முடிவாகவில்லை என்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். பிறகு மாமாவிடம் கேட்டார். "ஒரு தடவ சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் போகும்?"

மாமா என்னைப் பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். தெரு கூடி நிற்கிற இடத்தில் நானூற்று முப்பது என்று சொல்லிவிட்டுப் போகட்டுமே, காலையில் நான் பேசிய பேச்சுக்கு அதுவாவது ஆறுதலாக இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

"நானூத்தி முப்பதுன்னு போட்டிருக்கு" என்றார் மாமா. கையிலிருந்த சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த நம்பரை எடுத்தவன் மேல தப்பு இல்ல. அவன் இருந்த ரூம்ல அது நிசம். நம்ம ரோட்டுல, நம்ம சனத்தோட, ஏ.சி.யும் போட்டுக்கிட்டுப் போனா இருநூத்தி அறுபது போகும். அதுக்கு மேல கெடையாது."

தெருவில் ஒருவர் "அவ்வளவுதானா?" என்றார். மாமா "அவ்வளவுதான்" என்றார்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது. அவள் என்னைப் பார்க்கவில்லை. மாமாவைத்தான் பார்த்தாள்.

"அப்பா, திருச்சிக்காரங்களுக்கு போன் பண்ணிடுங்க. வர வேணாம்னு" என்றாள்.