அக்காவின் சீட்டை உடைத்தவன் நான்

மாசி மகத்துக் கூட்டம் ஊரைவிட்டுக் கலைந்த மறுவாரம் எங்கள் அக்கா கண்ணை மூடினார். இந்த மாசியோடு ஓர் ஆண்டு ஆகிறது. படையலுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு பீங்கான் கம்பெனியில் வேலை செய்த பெண்களுக்கும் இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் கொடுக்கிறோம். முன்பக்கத்தில் இருப்பது அக்கா தம் வாழ்நாளில் எடுத்துக்கொண்ட ஒரே படம். காதில் கம்மல் தெரிகிறது, பாருங்கள். அந்தக் கம்மல் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டு, ஆளுக்கொரு கதை சொன்னவர்கள் உங்களில் உண்டு. சீட்டு நடத்தி ஊரார் பணத்தை அக்கா தின்றுவிட்டார் என்று சொன்னவர்களும் உண்டு.

நான் அவருடைய ஒரே தம்பி. அந்தப் பணம் போனது என்னால். சீட்டில் இருந்தவர்களுக்கு இது தெரியும்; மற்ற யாரிடமும் பத்து வருஷத்துக்கு மேலாக நான் வாய் திறந்து சொல்லவில்லை. அக்கா உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் எனக்குத் தைரியம் இல்லை. இந்த மலரில் இதை எழுத வேண்டாம், போனது போகட்டும் என்று அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, தடுத்தார். அக்காவின் மகள் செல்விதான், எழுதுங்க மாமா, அம்மா பேரு சும்மா கெட்டுக்கிடக்குது என்று சொல்லி, பேனாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

அக்கா பிறந்தது விருத்தாசலத்துக்கு மேற்கே மணிமுத்தாற்றங்கரையில் ஒரு சிற்றூர். அப்பா போனபோது அவருக்குப் பதினைந்து வயது, எனக்கு ஆறு. அம்மா அடுத்த வருஷமே போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டதும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும் அக்கா. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. என்னை எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்தார். கல்யாணம் பேச வந்தபோது, தம்பியும் என்னோடுதான் இருப்பான் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். ஜங்ஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மாமா அதற்குச் சம்மதித்தார். அப்படிச் சம்மதித்த மனிதருக்கு நான் செய்த கைம்மாறு என்ன என்பதை மேலே படியுங்கள்.

ஊரில் பீங்கான் தொழிற்பேட்டை வந்தபிறகு அக்கா ஒரு கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் நாற்பத்தைந்து ரூபாய் வரும். அங்கிருந்த பெண்கள் அக்காவை நம்பிச் சீட்டு நடத்தச் சொன்னார்கள். இருபது சீட்டு, மாதம் பதினைந்து ரூபாய். மாதாமாதம் ஏலம் விட்டு, யார் அதிகக் கழிவுக்குச் சம்மதிக்கிறாரோ அவர் அந்த மாதப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். அவர் விட்டுக்கொடுக்கும் கழிவை எல்லோருக்கும் பிரித்து அந்த மாதத் தவணையில் குறைத்துக்கொள்வார்கள். எடுத்தவர் மிச்ச மாதங்களைத் தவறாமல் கட்ட வேண்டும். யாராவது கட்டாமல் போனால் நடத்துகிறவர்தான் பொறுப்பு.

அக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. முதல் பத்து மாதத்துக்குள் எடுக்கிறவர் யாராக இருந்தாலும் இரண்டு பேரை ஜாமீனுக்குக் கூட்டிவர வேண்டும். அவர்கள் அக்காவின் நோட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று அழுதுகொண்டு வந்த பெண்ணிடமும் அதைக் கேட்டுத்தான் கொடுத்தார். என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சொந்தமாகப் பொம்மை வார்த்து, நவராத்திரிக் கொலுவுக்கு மெட்ராஸுக்கு அனுப்பிப் பணக்காரனாகிவிடலாம் என்று ஒரு திமிர். இரண்டு சீட்டு சேர்ந்தேன். மூன்றாம் மாதமும் நாலாம் மாதமும் அதிகக் கழிவுக்கு ஏலம் கேட்டு இரண்டையும் எடுத்தேன். நானூற்று எண்பது ரூபாய் கைக்கு வந்தது. அதில் ஒரு ஷெட்டுக்கு வாடகை கட்டினேன், அச்சு வாங்கினேன், பொதுச் சூளையில் இடத்துக்குப் பணம் கட்டினேன்.

பொதுச் சூளையில் முறை வைத்துத்தான் சரக்கு ஏற்றுவார்கள். ஒரு முறையை விட்டால் அடுத்தது வர ஒரு மாதம். என் முறை ஆவணியில் வந்தது. அதற்கு முந்திய மூன்று நாளும் மழை. பொம்மைகள் உள்ளே காயவில்லை. சூளைக்காரர் ஒரு பொம்மையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஈரம் இருக்குது, அடுத்த முறைக்கு வையி தம்பி என்றார். அடுத்த முறை என்றால் கொலு முடிந்துவிடும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாப் பொம்மைகளையும் கரி அடுப்பு அனலில் காட்டி, மேல்தோலை மட்டும் காயவைத்து, மறுநாள் மறுபடி கொண்டுபோய்க் காட்டினேன். கன்னத்தில் வைத்தால் ஈரம் தெரியவில்லை. ஏற்றிவிட்டார்.

வயிற்றில் ஈரத்தோடு நெருப்புக்குள் போன பொம்மை சும்மா இருக்குமா? அத்தனையும் வெடித்தன. என் சரக்கு போனதோடு நிற்கவில்லை. சில்லுகள் பறந்து பக்கத்து அடுக்கில் இருந்த இன்னொருவரின் கோப்பைகளும் பாழாயின. கையில் மிஞ்சியிருந்தது அவருக்கு ஈடு கட்டவே சரியாகப் போயிற்று.

இதுவரை நடந்தது நஷ்டம். இதற்கு மேல் நான் செய்ததுதான் துரோகம். அக்காவிடம், பொம்மையெல்லாம் நல்லா போயிருக்குக்கா, மெட்ராஸ்காரன் பணம் அனுப்பணும் என்று சொன்னேன். தவணை கட்ட வேண்டிய நாள் வந்ததும் ஒரு வட்டிக்காரரிடம் நூற்றைம்பது ரூபாய் வாங்கி, அதிலிருந்து எடுத்து அக்காவிடமே கட்டினேன். அக்கா அதை வாங்கி நோட்டில் எழுதிக்கொண்டு, பரவால்லடா, ஒழுங்கா கட்டிடற என்று என் முதுகைத் தட்டினார். அந்தக் கை இன்னும் என் முதுகில் சுடுகிறது. அந்தப் பணமும் தீர்ந்த மாதம், பாண்டிச்சேரி போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு, ஜங்ஷனில் ரயில் ஏறிப் பம்பாய்க்கு ஓடிப்போனேன். நாலு வருஷம் ஒரு கடிதாசி போடவில்லை.

இனி எழுதுவது மாமாவும், சீட்டில் இருந்த அஞ்சலை அம்மாவும் எனக்குச் சொன்னது.

நான் போன நாலாம் நாள் வட்டிக்காரர் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். அப்போதுதான் அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தம்பி கடனை நீதான் கட்ட வேண்டும் என்று அவர் சத்தம் போட, அக்கா பதில் சொன்னாராம்.

"நீங்க அவன நம்பி குடுத்தீங்க, அவன் கையெழுத்துப் போட்டிருக்கான். அத அவன்கிட்ட கேளுங்க. சீட்டு நான் நடத்தனது. அதுக்குத்தான் நான் பதில் சொல்லுவேங்க."

நான் ஓடியது தெரிந்ததும், முன்பே பணம் எடுத்திருந்த மற்றவர்களும் கையை மடக்கிக்கொண்டார்கள். அந்தத் தம்பி கட்டாதப்போ நாங்க மட்டும் ஏன் கட்டணும் என்று ஒரு நியாயம். ஜாமீன் போட்டவர்களைக் கேட்டால், ஒன் தம்பிக்கு யாரு ஜாமீன் என்று அக்காவையே திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். எட்டாம் மாதத்தோடு சீட்டு உடைந்தது. இன்னும் எடுக்காத பெண்கள் பன்னிரண்டு பேர். கழிவு போக ஒவ்வொருவரும் நூற்று மூன்று ரூபாய் கட்டியிருந்தார்கள். மொத்தம் ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு ரூபாய்.

ஒரு சாப்பாட்டு வேளையில் கம்பெனி வாசல் வேப்பமரத்தடியில் அந்தப் பன்னிரண்டு பேரையும் அக்கா உட்கார வைத்திருக்கிறார். தம்பி என்பதற்காக ஜாமீன் கேட்காமல் விட்டது தன் தப்பு என்று முதலில் சொல்லியிருக்கிறார். பிறகு, "ஆளுக்கு நூத்தி மூணு ரூபா நான் தரணும். ஒரே நாள்ல தர எங்கிட்ட இல்ல. யாருக்கு மொதல்ல வேணும்னு நீங்களே பேசிச் சொல்லுங்க" என்றாராம். சிலர் மண்ணை வாரித் தூற்றினார்கள். ஒருத்தி அக்காவின் சாப்பாட்டுத் தூக்கை எட்டி உதைத்தாள். அக்கா சிந்திய சோற்றை வழித்துப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்து, வரிசையை எழுதிக்கொண்டார்.

மொத்தமாக வட்டிக்கு வாங்கி எல்லோருக்கும் தூக்கிப் போட்டுவிடு, பேச்சாவது நிற்கும் என்று உறவில் ஒரு பெரிய மனிதர் யோசனை சொன்னார். அக்கா பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி என்றால் மாதம் முப்பத்தேழு ரூபாய் வட்டிக்கே போகும். சம்பளம் நாற்பத்தைந்து. முதல் என்றைக்கு அடையும்? எஸ்.எஸ்.எல்.சி. படித்த நான் போடாத கணக்கை ஐந்தாம் வகுப்பு அக்கா போட்டார். பேச்சு நிற்க வேண்டும் என்பதற்காக அவர் கடன் வாங்கவில்லை. அதனால் பேச்சு நிற்கவும் இல்லை.

கம்மலும் தாலியில் இருந்த பொன்னும் விற்றதில் மூன்று பேருக்குக் கொடுத்தார். மஞ்சள் கயிற்றோடு நின்றார். நம் குடும்பத்துக் கல்யாணம் ஒன்றில் வரிசைத் தட்டை எடுக்க அக்கா கை நீட்டியபோது, நீ இரும்மா என்று சொல்லித் தட்டை வேறு கையில் கொடுத்தவர்கள் இதைப் படிக்கிறார்கள். பெயர் எழுதவில்லை. உங்களுக்கே தெரியும். செல்வியை எட்டாம் வகுப்போடு நிறுத்தி வேலைக்குக் கூட்டிப்போனார். என்னை ஆளாக்கியவர் தம் மகளை நிறுத்தினார்.

வர்ணம் தீட்டும் வேலையை விட்டு, கல் அரைத்து மாவாக்கும் மில்லுக்கு மாற்றிக்கொண்டதும் அப்போதுதான். அங்கே மாதம் பன்னிரண்டு, பதின்மூன்று ரூபாய் கூடக் கிடைக்கும். வாயில் முந்தானையைக் கட்டிக்கொண்டு வேலை செய்வார்கள். வீட்டுக்கு வந்தால் இமையிலும் புருவத்திலும் வெள்ளையாகத் தூசி நிற்கும். அந்தக் கூடுதல் பணம் ஒரு காசு குறையாமல் பட்டியலுக்குப் போயிற்று.

நாலு வருஷம் கழித்து நான் திரும்பி வந்தேன். பம்பாயில் ஹோட்டலில் தட்டுக் கழுவிச் சேர்த்த முந்நூற்றுச் சொச்சம் ரூபாயைக் கொண்டுவந்தேன். வாசலில் என்னைப் பார்த்த அக்கா அடிக்கவில்லை, அழவில்லை. இருமினார். இருமல் நிற்கும் வரை நான் வெளியிலேயே நின்றேன். பிறகு சாப்பிட்டியா என்று கேட்டு, சோறு போட்டார். நான் சாப்பிட்டு முடித்தபிறகு சொன்னார்.

"பணம் போச்சுன்னு அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா எல்லாரும் உக்காந்து பேசியிருப்போம்டா. கொஞ்சம் கொஞ்சமா கட்டுன்னு வுட்டிருப்பாங்க. நீ ஓடனதுலதான் எல்லாரும் பயந்துட்டாங்க."

அதற்குள் எட்டுப் பேருக்கு அக்கா கொடுத்து முடித்திருந்தார். என் பணத்தை எண்ணி வாங்கி, அன்று சாயங்காலமே மூன்று பேர் வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்தார். நோட்டில் அவர்கள் பெயரை என்னையே அடிக்கச் சொன்னார். வட்டிக்காரர் கடனை மட்டும் அவர் தொடவில்லை. கூட்ஸ் ஷெட்டில் மாமாவோடு மூட்டை தூக்கி இரண்டு வருஷத்தில் நானே அடைத்தேன். அதற்காக அக்காவிடம் எனக்கு நன்றிதான் உண்டு. ஆனால் சீட்டு விஷயத்தில் அக்காவின் பெயர் கெட்டே கிடந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் காரணம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

முதலில் காசநோய் என்றார்கள். பிறகு அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், எங்கே வேலை செய்தார் என்று கேட்டுவிட்டு, நெஞ்சு முழுக்கக் கல் தூசி, இதற்கு மருந்து இல்லை என்று எங்களிடம் தனியாகச் சொன்னார். கடைசி மூன்று மாதம் அக்காவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு வயதில் போய்விட்டார். அந்தத் தூசிக்குள் அவரை அனுப்பியது நான்.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தம் முறை வரும்வரை பொறுத்திருந்த பெண்களுக்கும், தம் முறையை விட்டுக்கொடுத்து அக்காவுக்கு மூச்சுவிட இடம் கொடுத்த அஞ்சலை அம்மாவுக்கும், கடைசி நாட்களில் அக்காவின் முதுகைத் தாங்கிப் பிடித்த ஆஸ்பத்திரி ஆயாவுக்கும், ஒரு வார்த்தை என்னைக் கடிந்து பேசாத மாமாவுக்கும் எங்கள் வணக்கம். செல்விக்கு நன்றி சொல்ல எனக்கு அருகதை இல்லை.

பட்டியலில் ஒரு பெயர் இன்னும் அடிக்கப்படவில்லை. கம்மாபுரம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்த கன்னியம்மா. எனக்கு அவசரம் இல்லக்கா, மத்தவங்களுக்குக் குடு என்று கடைசிக்குப் போனவர். அவர் முறை வந்தபோது அவர்கள் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், குடும்பத்தோடு எங்கோ குடிபெயர்ந்துவிட்டார். மாமாவும் நானும் மூன்று முறை அலைந்தும் தெரியவில்லை. நடுத்தர உயரம், இடது புருவத்தில் தழும்பு, மூத்த மகன் பெயர் ராமலிங்கம். இதைப் படிக்கும் யாருக்காவது அவர் இருக்கும் இடம் தெரிந்தால் தயவுசெய்து தகவல் சொல்லுங்கள். அவர் இல்லாவிட்டால் அவருடைய பிள்ளைகளிடம் கொடுக்கிறோம்.

நூற்று மூன்று ரூபாயும் ஒரு டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. ஊசிக்குக் காசில்லாத நாளிலும் அக்கா அதை எடுக்க விடவில்லை. ஆஸ்பத்திரியில் அந்த டப்பாவைத் தலைமாட்டிலிருந்து எடுத்து நீட்டினார். நான்தான் பக்கத்தில் நின்றிருந்தேன், கையை நீட்டினேன். "ஒங்கிட்ட வேணாம்டா" என்று சொல்லிவிட்டு, செல்வி தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தார். ஆகவே கன்னியம்மாவைத் தெரிந்தவர்கள் செல்வியிடம் வந்து சொல்லுங்கள்.